இடது சக்கரத்துக்கு ஒரு கட்டை

அத்தியாயம் 6

மனோகரன் ஜீப்பை நிறுத்தினான். கை பிரேக்கை இழுத்தான், கியரில் போட்டான். அப்புறமும் மனம் ஆறாமல் இறங்கிப் போய், சாலையோரத்தில் ஒரு கல்லைப் பொறுக்கி, இடது பின்சக்கரத்துக்கு அடியில் காலால் உதைத்துச் செருகினான். பதினோரு வருடமாகக் குன்னூரில் வண்டி ஓட்டுகிறவன். கடவுளை நம்புவான், கல்லை அதைவிட நம்புவான், பிரேக்கை மட்டும் நம்ப மாட்டான்.

ஜீப்பிலிருந்து இறங்கிய மெட்டில்டா வழக்கம்போல அந்தக் கல்லில் இடறிக்கொண்டாள். ஐம்பத்திரண்டு வயது. இருபத்தாறு வருடம் தபால் நிலையத்தில் உட்கார்ந்து, விலாசம் சரியில்லாத கடிதங்களுக்கெல்லாம் வீடு கண்டுபிடித்தவள். இப்போது அதே வேலையை மனிதர்களுக்குச் செய்கிறாள். துப்பறிவாளர் என்றால் பைப் புகைக்க வேண்டும் என்று மனோகரன் ஒருமுறை சொன்னான். அன்றிலிருந்து அவள் கைப்பையில் கேத்திப் பள்ளத்தாக்கில் விளைந்த காரட் இருக்கும். யோசிக்கும்போது கடிப்பாள்.

காலை ஒன்பது மணிக்கு வந்த போன்தான் இந்தப் பயணத்துக்குக் காரணம். பழைய கிளப் மண்டபத்தில் நடக்கும் மாதிரிகள் போட்டியிலிருந்து ஒரு விமானம் திருட்டுப் போய்விட்டது என்று ஒரு பெண் அழாத குறையாகச் சொன்னாள். விமானம் என்றதும் மனோகரன், சூலூர் விமானப்படைத் தளத்துக்குப் போன் போடச் சொல்லுங்கள், ஜீப்பில் எங்கே துரத்துவது என்று கேட்டான். அது ஒரு முழம்கூட நீளமில்லாத விமானம் என்று தெரிந்தபின் அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். வழியில் ஒரு மரம் சாய்ந்து கிடந்ததில், மண்டபத்துக்கு வந்து சேரும்போது மணி பன்னிரண்டு.

போன் செய்த ரஞ்சனி வாசலிலேயே நின்றிருந்தாள். முப்பதைத் தொடும் வயது. ஜெகதளாவுக்கு அந்தப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அப்பா அதே எஸ்டேட்டில் லாரி ஓட்டுகிறார்.

"விமானம் திரும்பி வந்துருச்சுங்க," என்றாள்.

"அப்ப கேஸ் முடிஞ்சுதுங்களே," என்றான் மனோகரன். "ஒரு டீயக் குடிச்சுப்போட்டுக் கெளம்பலாங்கக்கா."

"இல்லீங்ணா. வந்ததுதான் வம்பாப் போச்சு."

நடந்தது இதுதான். நேற்று மாலை ஐந்து மணிக்குள் மாதிரிகளை ஒப்படைத்துவிட வேண்டும். அதன்பிறகு செய்தவர் அதில் ஒரு துளி பெயின்ட்கூடத் தொட்டு வைக்கக் கூடாது. காலை ஏழரைக்குக் காவலாளி தனசிங் பார்த்தபோது, ரஞ்சனியின் மேஜை காலி. போலீசுக்குப் போவதா வேண்டாமா என்று எல்லோரும் முன் வராந்தாவில் நின்று மூன்றரை மணி நேரம் விவாதித்தார்கள். பதினொன்றேகாலுக்கு உள்ளே வந்தால், காணாமல் போன விமானம் பழைய இடத்திலேயே நிற்கிறது. ஒரு கீறல் இல்லை. ஆனால் நேற்று இல்லாத ஒன்று இன்று இருந்தது. இடது சக்கரத்துக்குப் பின்னால், பழுப்பு நிறத்தில், கொண்டைக்கடலை அளவில் ஒரு சின்னக் கட்டை.

நிறுத்திய விமானம் நகராமலிருக்கச் சக்கரத்துக்குக் கட்டை வைப்பது உண்டு. விட்டுப்போன அந்தக் கட்டையைச் சேர்க்கத்தான் ரஞ்சனியே விமானத்தை எடுத்துப் போய், வேலையை முடித்துத் திருப்பி வைத்திருக்கிறாள் என்பது தலைமை நடுவரின் முடிவு. மூன்று மணிக்குப் பரிசு அறிவிப்பு. அதற்குள் வேறு பதில் கிடைக்காவிட்டால் அவள் பெயரை அடித்துவிடுவார். முதல் பரிசு வெறும் கோப்பை அல்ல. விமான மாதிரிகள் செய்யும் பெங்களூரு நிறுவனம் ஒன்றில் வேலை. அது போனால்கூடப் பரவாயில்லை, ஏமாற்றுக்காரி என்ற பெயர் வந்தால் இனி எந்தப் போட்டி வாசலிலும் கால் வைக்க முடியாது என்றாள் ரஞ்சனி.

தலைமை நடுவர் ராஜசேகர் சென்னைக்காரர். விமானப்படையில், ரஞ்சனி செய்திருந்த அதே ரகச் சரக்கு விமானங்களைப் பழுது பார்த்தே தலை நரைத்தவர். விமானத்தை அலுவலக அறைக்குக் கொண்டுபோய்த் தன் மேஜைமேல் வைத்திருந்தார். கட்டை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் சாட்சியாகக் கிடந்தது.

"பெரிய மனுஷி நீங்க. நீங்களே பாருங்க," என்றார், குற்றவாளியை ஒப்படைக்கும் குரலில்.

மெட்டில்டா பார்த்தாள். பத்து நிமிடம் பார்த்தாள். காரட்டைக்கூடக் கடிக்கவில்லை.

மனோகரன் ஒரு பொம்மையைப் பார்க்கத்தான் குனிந்தான். குனிந்தவன் நிமிர மறந்துபோனான். ஏ.என். 32 ரகச் சரக்கு விமானம், நிஜத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. இரண்டு இஞ்சினும் இறக்கைக்கு மேலே, முதுகில் மூட்டை ஏற்றியதுபோல உட்கார்ந்திருந்தன. புகைபோக்கியிலிருந்து பின்னால் போகப் போக மெலிந்துகொண்டே போகும் கரி. உடம்பு முழுக்க ஊசிமுனையால் குத்திய ஆணித்தலைகள். விரல் வைத்தால் தெரியாது, வெளிச்சத்தைச் சாய்த்தால் மட்டும் வரிசை வரிசையாக எழுந்து வரும். பின்பக்கம் சரக்கு ஏற்றும் பெரிய கதவு. அதை இடுக்கியால் பிடித்து இழுத்தால் சரிவுப் பலகையாக இறங்குமாம். பெட்டியில் வாங்கி ஒட்டியதில்லை. எட்டு மாதம், பிளாஸ்டிக் தகட்டை வெட்டி, சூடு காட்டி வளைத்துச் செய்தது. மூக்குக்குள் தூண்டில் ஈயம் வைத்திருப்பதாகவும், இல்லாவிட்டால் வால் கனத்து உட்கார்ந்துவிடும் என்றும் ரஞ்சனி மெதுவாகச் சொன்னாள்.

"இந்த ஒரு தகட்டைப் பாருங்க," என்று நடுவரே தன் கோபத்தை மறந்து விரலை நீட்டினார். இடது விலாவில் ஒரே ஒரு சதுரம் மட்டும் மற்றதைவிட ஒரு சாயல் புதிய சாம்பல் நிறம். "பழசைக் கழட்டிட்டுப் புதுசு மாத்தின தகடு. நிஜ விமானம் எதுவும் ஒரே நிறமா இருக்காது. என் கையால நான் மாத்தினது மாதிரியே இருக்கு." உடனே உறையைத் தூக்கிக் காட்டினார். "இந்தக் கட்டையில மரத்தோட ரேகைகூட எழுதியிருக்கா. வெள்ளை வெள்ளையா. கோபமும் வருது, கும்பிடவும் தோணுது."

"வாஸ்தவம்தான் சார்," என்றாள் மெட்டில்டா. "ஆனா நிஜ விமானத்துக்குக் கட்டை எப்படி வைப்பாங்க?"

இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும், முன்னாலும் பின்னாலும், மஞ்சள் பெயின்ட் அடித்து, கயிற்றில் கோத்து வைப்பார்கள் என்றார் நடுவர். இது ஒரே சக்கரத்துக்கு, பின்னால் மட்டும் இருக்கிறது. அதற்காக ஒரு மதிப்பெண்ணும் குறைத்திருக்கிறார்.

"ஆணித்தலையை எண்ணிக் குத்தினவ இதைப் போய்த் தப்பா வைப்பாளா?"

"அவசரத்துல செஞ்சிருப்பா. ஆள் யாருன்னு கண்டுபிடிச்சுக் கொண்டு வாங்க, அப்புறம் பேசலாம்."

மெட்டில்டா அவருடைய போனை வாங்கினாள். விமானம் திரும்பி வந்த நிலையில் அவர் எடுத்த படம். இறக்கைகள், ரஞ்சனியின் பெயர் எழுதிய மரக்கட்டை விமானத்துக்கு முன்னால், இடது சக்கரத்துக்குப் பின்னால் அந்தத் துண்டு. அதை மனோகரனிடம் நீட்டி, ஏதாவது தப்பாகத் தெரிகிறதா என்று கேட்டாள்.

அவன் இரண்டு முறை பார்த்தான். "ஒண்ணும் தெரியலீங்கக்கா. எல்லாம் செரியாத்தான நிக்குது."

மெட்டில்டா காரட்டை எடுத்துக் கடித்தாள். அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்து அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

பிறகு அவள் இரண்டு காரியம் செய்தாள். விமானத்தின் பின்கதவு இடுக்கில் பச்சையாக ஏதோ நூல் போலத் துருத்திக்கொண்டிருந்ததை நகத்தால் கிள்ளினாள். அரை நகக்கண் அளவு தேயிலைத் துளிர். அடுத்து, நடுவர் வேண்டாம் என்று சொல்வதற்குள், சாட்சியை உறையிலிருந்து கையில் கொட்டி, மோந்து, நாக்கு நுனியால் தொட்டும் பார்த்துவிட்டாள். ராஜசேகர் பதறிப்போனார். தடயத்தை ருசி பார்க்கும் துப்பறிவாளரை அவர் இதுவரை கண்டதில்லை.

"ரஞ்சனி, உங்கப்பா வெத்தலை போடுவாரா?"

"போடுவாருங்க. ஏனுங்க?"

"சும்மாதான்."

ஜீப் ஏறியதும் மனோகரன் வாயைத் திறந்தான். நக்கியதில் என்ன தெரிந்தது, உப்பு சரியாக இருந்ததா என்றான்.

"கொட்டப்பாக்கு," என்றாள் மெட்டில்டா. "வெள்ளை ரேகை அவ வரைஞ்சதில்ல, சாமி கொடுத்தது. துளிர் இன்னிக்குப் பறிச்சது. நேத்துப் பறிச்சதுன்னா சுருண்டிருக்கும். பறிச்ச கொழுந்துக்கு முதல் எடை பத்து மணிக்குத்தான் போடுவாங்க. அப்ப பத்து மணிக்கு மேல அந்த விமானம் கொழுந்துமேல ஒக்காந்து வந்திருக்கு. கொழுந்து எதுல வரும்?"

"லாரியில வரும்."

"லாரியை நிறுத்தினா முதல்ல என்ன பண்ணுவே?"

மனோகரன் ஒரு வளைவைக் கடந்தான். அடுத்த வளைவில் வண்டியின் வேகம் தானாகக் குறைந்தது. இடது பின்சக்கரம், பின்னால் ஒரே கல். இடதுபக்கம்தான் ஓரம், அங்கேதான் கல் கிடைக்கும், குனிகிறவனைப் பின்னால் வருகிற வண்டி முட்டவும் முட்டாது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையாக அந்தப் படத்தை இரண்டு தடவை பார்த்தும், அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. தெரியாததுதான் துப்பு.

"கீழ்நாட்டுக்காரன் எவனும் பொம்மைச் சக்கரத்துக்குக் கல் வைக்க மாட்டான்," என்றாள் அவள். "மலையில வண்டி ஓட்டறவன் கை தன்னால வைக்கும். பாம்பின் கால் பாம்பறியும், நீ பாத்தே. அறிஞ்சதுதான் உனக்கே தெரியலை."

அவனுக்குப் பெருமையாகவும் இருந்தது, அவமானமாகவும் இருந்தது. அதற்குமேல் இன்னொன்று உறுத்தியது. வெற்றிலை, கொழுந்து லாரி, அப்பா. போன் போட்டு வரச்சொன்ன பெண்ணின் அப்பாவையே பிடித்துக் கொடுக்கப் போகிறோம். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

எஸ்டேட்டின் தேயிலைத் தொழிற்சாலை முற்றத்தில் லாரி நின்றது. இடது பின்சக்கரத்துக்குப் பின்னால் ஒரு கல். மனோகரன் மெட்டில்டாவைப் பார்த்தான், அவள் வானத்தைப் பார்த்தாள்.

ரஞ்சனியின் அப்பா வீரையா லாரிப் படியில் உட்கார்ந்து சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். ஓய்வுக்கு இன்னும் ஆறு மாதம். காக்கிச் சட்டையில் எல்லாப் பொத்தானும் போட்டிருந்தார். விமானமா, அந்தப் பக்கமே தான் போனதில்லை என்றார். அது பொம்மை. தொழிற்சாலையில் நிரந்தர வேலை வாங்கித் தருகிறேன் என்றபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ராவும் பகலும் பிளாஸ்டிக்கை அறுத்துக்கொண்டிருந்த பிள்ளையிடம் எட்டு மாதமாகச் சோற்றுக்கும் குழம்புக்கும் தவிரப் பேச்சே கிடையாது. எஸ்டேட்டில் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

மெட்டில்டா வாதாடவில்லை. ஒரு பாக்கு கொடுங்கள் என்று கையை நீட்டினாள். அவர் சுருக்குப்பையைத் திறந்தார். உள்ளே எல்லாம் நாலாக வெட்டிய துண்டுகள், ஆப்பு ஆப்பாக. ஒன்றை எடுத்து அவள் வாயில் போட்டுக்கொண்டாள்.

"அதே ருசி," என்றாள்.

வீரையாவின் கை சுண்ணாம்போடு நின்றுவிட்டது.

"மூணு மணிக்கு உங்க பொண்ணு பேரை அடிக்கப் போறாங்க. திருட்டுத்தனமா வேலை செஞ்சான்னு. நீங்க வந்து சொன்னாத்தான் உண்டு."

முற்றத்தில் கொழுந்துச் சாக்குகளை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் அன்றைக்கு என்னவோ இவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு எஸ்டேட்டே சேர்ந்து ஒரு விஷயத்தை மறைத்தால், அது முழுப் பூசணிக்காய் மாதிரி அப்பட்டமாகத் தெரியும்.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுங்க வருவேன்," என்றார் கடைசியில். "பொம்மை, பொம்மைன்னு எட்டு மாசமா ஏசுன வாயி." எழுந்துபோய் லாரிக்கு அந்தப்பக்கம் நின்றுகொண்டார்.

அவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். அவரைக் கட்டித் தூக்கி வந்தால் என்ன என்று மனோகரன் கேட்டான். அவர் சொன்னால்தான் அது சாட்சி, நாம் சொன்னால் வெறும் பாக்கு என்றாள் மெட்டில்டா.

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ரஞ்சனியின் முகம் வெளுத்திருந்தது. அப்பா பெயரை மெட்டில்டா அவளிடம் சொல்லவில்லை. நடுவர் பேனாவைத் திறந்தார். அப்போது மண்டபத்துக்கு வெளியே ஒரு லாரி இரண்டாவது கியரில் முனகிக்கொண்டு ஏறி வந்து நின்றது. இஞ்சின் அணைந்தது. பிறகு ஒரு கல் உதைபடும் சத்தம். மனோகரன் மூச்சை விட்டான்.

வீரையா செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மகளைப் பார்க்காமல் நடுவரைப் பார்த்து, எடுத்தது நான்தானுங்க சார் என்றார்.

காலை ஆறேகாலுக்குத் தனசிங் மண்டபத்தின் பின்கதவைத் திறந்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் எடுத்திருக்கிறார். எதற்கு என்று கேட்டார் நடுவர்.

"பெரட்டுக்குங்க."

பெரட்டு என்றால், காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கும் இடம். இலங்கைத் தோட்டத்திலிருந்து வீரையாவின் குடும்பத்தோடு கப்பலேறி வந்த சொல் அது.

"அறுபது பேருங்க சார். ஒருத்தருக்கும் லீவு கெடையாது. இங்க உள்ள வர அட்டை வேணுமாம். அந்தப் புள்ளைய இடுப்புல மாத்தி மாத்தித் தூக்கி வளத்த சனம். அவங்க பாக்காம வேற யாரு பாத்து என்னங்க? எல்லா மலையிலயும் காட்டிட்டு, வாற வழியில கொழுந்துமேல படுக்க வச்சு, பதனமாக் கொண்டாந்து பின்வாசல் வழியா வச்சேன். ஒரு வேலையும் பாக்கலீங்க. எனக்கு என்ன தெரியும்?"

"அப்புறம் அந்தப் பாக்கு?"

"எறக்கமா இருந்துச்சுங்களே."

நடுவர் சிரித்துவிட்டார். மேஜை சமதளம். அப்பாவும் பெண்ணும் சேர்ந்து கதை கட்டுகிறார்கள் என்று தோன்றியிருக்க வேண்டும். நேற்று ராத்திரி முழுக்க அதே மேஜையில்தான் நின்றது, உருளவில்லையே என்றார். தான் எடுத்தபோது பெயர்க்கட்டை சக்கரத்துக்குப் பின்னால் ஒட்டி இருந்தது என்றும், தேடுகிற அமளியில் யாரோ அதை முன்னால் நகர்த்திவிட்டார்கள் என்றும் வீரையா சொன்னார். இந்த மண்டபத்துத் தரை பள்ளத்துப் பக்கம் சாய்ந்து கிடப்பது, உள்ளே கால் வைத்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டதாம்.

பார்த்துவிடலாம் என்று நடுவர் விமானத்தைக் கொண்டுவந்து அதன் பழைய மேஜையில் வைத்தார். கையை எடுத்தார். விமானம் அசையாமல் நின்றது.

"பாத்தீங்களா," என்று அவர் எல்லோர் பக்கமும் திரும்பினார். அவர் முதுகுக்குப் பின்னால் விமானம் பின்னோக்கிக் கிளம்பியது. முதலில் எறும்பு வேகம், பிறகு நடை, பிறகு ஓட்டம். ரஞ்சனி வாயைப் பொத்திக்கொண்டாள். மனோகரன் பாய்ந்தான், ஆனால் தேவைப்படவில்லை. மேஜை விளிம்புக்குக் கீழே வீரையாவின் இரண்டு கையும் முன்பே விரிந்து காத்திருந்தன. எட்டு மாத உழைப்பு அதில் வந்து வால்பக்கமாக இறங்கியது.

ராஜசேகர் தன் மதிப்பெண் தாளை எடுத்துப் பார்த்தார். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது. குறைத்த ஒன்றே ஒன்று அந்தக் கட்டைக்காக. கட்டை இவள் வைத்ததில்லை என்றால் அந்தக் குறையும் இவளுடையது இல்லை என்று சொல்லி, எண்ணை அடித்துத் திருத்திக் கையெழுத்தும் போட்டார். பெங்களூருக்கு எந்தத் தேதியில் வர முடியும் என்று அவர் கேட்டது ரஞ்சனியின் காதில் விழவில்லை. அவள் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொம்மைன்னீங்களேப்பா."

"பொம்மைதான்." வீரையா விமானத்தை இன்னும் கீழே வைக்கவில்லை. "ஏறி ஒக்காந்து போயிறலாம்போல ஒரு பொம்மை." பிறகு ஞாபகம் வந்தவர்போல, "பின்கதவத் தொற. கொழுந்து பறிக்கிற பாலாமணி ஒன்னு வச்சா," என்றார்.

ரஞ்சனி இடுக்கியை எடுத்தாள். கதவு சரிந்து இறங்கியது. உள்ளே, சரக்கு வைக்கும் இடத்தில், ஒரு சிட்டிகைக் கொழுந்து. எல்லாம் நுனித் துளிராகப் பார்த்துக் கிள்ளியது. ஒரு துளிரின் முனை மட்டும் அறுந்திருந்தது.

"புது வண்டிய மொதத் தடவ வெறுசா அனுப்பக் கூடாதுன்னுட்டாங்க," என்றார் வீரையா.

மனோகரனிடம் இந்த இடத்துக்கென்று ஒரு நல்ல ஜோக் இருந்தது. சொல்லத் தோன்றவில்லை. மெட்டில்டா அவனுக்கு ஒரு காரட்டை நீட்டினாள், அவனும் வாங்கிக் கடித்தான்.

ரஞ்சனி கொழுந்தை வெளியே எடுக்கவில்லை. அப்படியே கதவை மூடினாள். விமானத்தை மேஜைமேல் வைத்தவள் கையை எடுக்காமல் பிடித்தபடியே நின்றாள். ராஜசேகர் உறையிலிருந்து பாக்கை எடுத்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து, இடது சக்கரத்துக்குப் பின்னால் வைத்தார்.

வீரையா எட்டிப் பார்த்தார்.

"இன்னுங் கொஞ்சம் ஒட்டி வைங்க சார்."